பேசும் கடிகாரத்தின் ஸ்க்ரூ

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஆன்சி நின்று சீட்டு எழுதினாள். கணவன் ஆலன் குளியலறையில்தான் இருந்தான். ஆனால் நேற்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"சாம்பார் குக்கர்ல இருக்கு. நீங்க கிளம்புறப்ப சாவியை எதிர்வீட்டு விக்டோரியா அக்காகிட்ட குடுங்க. அவங்க வந்து அப்பாவைப் பாத்துக்குவாங்க. மேசையில இருக்குற கன்வெர்ட்டர் போர்டைத் தொடாதீங்க. ரெண்டு பென்சில் பேட்டரியோட மூணு வோல்ட்டை அது அஞ்சாக்கிக் குடுக்கும். அதுக்கு மேல போகாமத்தான் போர்டுல இருக்குற ஸ்க்ரூவைத் திருகி வச்சிருந்தேன். நீங்க வோல்ட்டை ஏத்திவிட்டதுல, அதுல ஓடிக்கிட்டிருந்த அப்பாவோட பேசும் கடிகாரம் கருகிப்போச்சு. கண்ணு தெரியாத மனுசனுக்கு அதுதான் நேரம் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. ஏன் திருகுனீங்கன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க."

உள்ளறையிலிருந்து அப்பா லூர்துராஜ் கேட்டார். "மணி என்னம்மா?"

"ஏழரைப்பா."

அவர் மறுபடியும் அதையே கேட்டார். எரிச்சலோடு உள்ளே போய்ச் சத்தமாகச் சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை மேல கோவப்படாத. கடிகாரம் பேசுறது கேக்கலன்னு நான்தான் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னேன். அதுக்குத்தான் அவரு ஸ்க்ரூவைத் திருகுனாரு. காதும் போகுதுன்னு தெரிஞ்சா நீ உடைஞ்சு போவ. அதான் உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

ஆன்சி திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"அப்பா சொல்லிட்டாரு. சாயங்காலம் சீக்கிரம் வாங்க, காது டாக்டர்கிட்ட போகணும். எனக்குக் கோவம் இன்னும் போகல. அம்புட்டுத் திட்டையும் எதுக்கு ஒத்தையில வாங்குனீங்க?"