கரப்பான் அரித்த ஸ்வெட்டர்

என்னங்க,

ஆஸ்பத்திரியில் இத்தனை நாள் அசையாமல் கிடந்த உங்கள் வலது கை விரல் நேற்று லேசாக அசைந்ததாம். மகள் சொன்னாள். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுதுவிடுவேன். வேறு விஷயம் எழுதுகிறேன்.

உங்கள் தூண்டில் பெட்டியைத் தூசி தட்டினேன். மீனை ஏமாற்ற, கொக்கியில் இறகும் நூலும் சுற்றி நீங்கள் கட்டிய பொய்ப்பூச்சிகளில் பாதிக்கு மேல் என் பச்சை ஸ்வெட்டரின் கம்பளி! "கரப்பான் அரிச்சிருக்கும்மா" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னீர்களே! நானும் நம்பி அலமாரி முழுக்க மருந்து அடித்தேனே! மீனுக்காவது கடித்ததும் பொய்யென்று தெரிந்துவிடும்.

என் புது நீல ஸ்வெட்டரையும் உங்கள் கத்தரிக்கோலையும் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். கரப்பான் வலது கையாலேயே அரிக்கட்டும். எவ்வளவு பெரிய ஓட்டையானாலும் சரி, போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் மாட்டிய முதல் மீன்