மணவறைக்குப் பின்னால் ஒரு வைஃபைப் பெட்டி

20, வியாழன்

காலையில் மழை, பத்து மணிக்கு வெயில். கொழும்பு, வெள்ளவத்தைக் கலியாண மண்டபம், இரண்டாம் மாடி. வைஃபைப் பெட்டிகளுக்கு இடம் பார்க்கும் வேலை. கையில் லப்டொப், அளவு நாடா, பாதி வடை.

நடு மண்டபத்தில் சிக்னல் நல்லது. மேடையில் இல்லை. சாப்பாட்டு அறைச் சுவர் தடித்த கொங்கிரீட், எதுவும் தாண்டாது. முடிவு:

பெ.1 - மேடையின் பின்சுவர், உயரத்தில்
பெ.2 - சாப்பாட்டு அறை
பெ.3 - லிஃப்ட் பக்கம்

ஞாயிறு பக்கத்து வீட்டுச் சரசக்காவின் மகளுக்கு இங்கே கலியாணம். தகப்பன் லண்டனில். அகதி வழக்கு முடியும்வரை அந்த நாட்டை விட்டு வெளியேற முடியாது. மகளை நேரில் கண்டு பதினொரு வருடம். கலியாணமும் போன் வீடியோவில்தான். ஐந்நூறு பேர் கூடினால் போன் டேட்டா படுத்துவிடும். அதனால்தான் என்னைப் பிடித்திருக்கிறார்கள்.

சரசக்கா: “வேற ஒண்டும் வேண்டாம் பிள்ளை. தாலி கட்டேக்க அவர் பாக்கோணும். அது காணும்.”

அது மட்டும் போதுமாம்.

22, சனி

புழுக்கம். கூட வேலை செய்யும் ஜூட் கொட்டாஞ்சேனையிலிருந்து ஏணியோடு வந்தான். மூன்று பெட்டியும் சுவரில் பூட்டியாயிற்று. வீடியோ போனுக்குத் தனிப் பாஸ்வேர்ட், விருந்தாளிகளுக்குச் சொல்வதில்லை.

லண்டனுக்கு எடுத்துப் பார்த்தோம். படம் கண்ணாடி போலத் தெளிவு. “மகள் இருக்கப்போற இடம் இதுவோ?” என்று தகப்பன் கேட்டார். ஓம் என்றேன். வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழைப்பை வெட்ட மனம் வரவில்லை.

சரசக்கா அனுப்பிய மோதகம் ஆறு. ஜூட் நான்கு. பாவி.

23, ஞாயிறு

நல்ல வெயில். பின்னேரம் இருந்து எழுதுகிறேன்.

காலை ஏழரைக்குப் போனேன். மேடையில் மணவறை எழும்பி நிற்கிறது. இரும்புச் சட்டம், பின்பக்கம் முழுக்கப் பளபளவென்று வெள்ளித் தகடு. என் பெட்டி அதற்குப் பின்னால், சிக்னல் தகட்டைத் தாண்டாது. வீடியோ எடுத்தால் தகப்பனின் முகம் பாதி வாயோடு உறைந்து நிற்கிறது.

எத்தனை கலியாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன். வெறும் மேடையை அளந்துவிட்டு, மணவறை என்று ஒன்று வரும் என்பதை யோசிக்கவில்லை. மடைச்சி.

மணவறைக்காரர்: “கும்பம் வைச்சாச்சு தங்கச்சி. இனி அசைக்கேலாது.”

முகூர்த்தம் 9.10. ஜூட்டுக்குப் போன் அடித்தேன். தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் இருந்தவன் பாதியில் எழும்பி, நீள வயரோடு ஓட்டோவில் வந்து இறங்கினான். ஒரு கேள்வி கேட்கவில்லை. வீடியோக்காரர் தன் லைட் ஸ்டாண்ட் ஒன்றைக் கழற்றித் தந்தார். பெட்டியை அதன் தலையில் கட்டி, முன்வரிசைக்கு நேர் முன்னால் நிறுத்தினோம். பார்க்கச் சகிக்காது.

மாப்பிள்ளையின் பெரியப்பா: “இதென்ன கம்பம்? மணவறை மறைக்குது.”

சரசக்கா திரும்பினார். “அவர் பாக்கட்டும். மற்ற ஆக்கள் எட்டிப் பாப்பினம்.”

9.04க்குப் படம் வந்தது. தகப்பன் பட்டு வேட்டி, திருநீறு. அங்கே இன்னும் விடியவில்லை. ஜூட், வீடியோக்காரர், சரசக்கா, எல்லோருக்கும் நன்றி. வாயால் ஒருவருக்கும் சொல்லவில்லை, இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

தாலி ஏறியது. கெட்டிமேளம். சபை முழுக்க அறுகரிசி தூவி வாழ்த்தியது. லண்டனில் அவரும் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்திருக்கிறார். எடுத்துப் போனை நோக்கி எறிந்தார். படம் ஒரு உலுக்கு. எனக்கு உயிர் போய்விட்டது. சிக்னல் போகவில்லை. அவருடைய போன்தான் விழுந்துவிட்டது. திரையில் ஒரு சீலிங், ஒரு பல்ப். அவர் அழும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

அழைப்பை வெட்டி மறுபடி எடுக்கலாம் என்று கையை நீட்டினேன். சரசக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நிப்பாட்டிப் போடாதை, பிள்ளை.”