முகப்பில் இல்லாத கொக்கி

ஆம்ஸ்டர்டாம், செப்டம்பர் 11, 1961

கட்டடக் கலை பற்றி நான் எழுதும் புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயத்தின் முதல் வாக்கியம் வந்துவிட்டது: "பயனில்லாத எதற்கும் வீட்டின் முகப்பில் இடமில்லை." எனக்கே பிடித்துப்போய் இரண்டு முறை சத்தமாக வாசித்தேன்.

சமையலறையிலிருந்து என் கணவன் யோஸ்ட், "அப்போ மீகெ, நான் ஜன்னல் பக்கம் தலை காட்டக் கூடாது, அப்படித்தானே?" என்றான்.

செப்டம்பர் 30

நான் வரைந்து கட்டிய குடியிருப்பில் நாளை ஆட்கள் குடிவருகிறார்கள். நான்கு மாடி, மழமழவென்ற முகப்பு. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அக்டோபர் 1

மானம் போயிற்று.

மூன்றாம் மாடிக்காரர் தெர்ப்ஸ்ட்ரா அம்மாள், பியானோ டீச்சர். பியானோவோடு வாசலில் நிற்கிறார். சாமான் ஏற்றுகிறவர்கள் கயிற்றோடு அண்ணாந்து, கூரையடியில் அதை மாட்டும் கொக்கியைத் தேடுகிறார்கள். கொக்கி ஏது? பழங்கால அலங்காரம் என்று வரைபடத்திலேயே அடித்துவிட்டேனே! இந்த ஊரில் பிறந்து ஆறு தடவை வீடு மாறியவள் நான். எங்கள் கட்டிலும் அலமாரியும் என்றைக்காவது படியேறி வந்தனவா? கயிற்றில் தொங்கி ஜன்னல் வழியாகத்தானே வந்தன? நான் வைத்த படிக்கட்டில் ஆளே ஒருக்களித்துத்தான் ஏறணும்.

"ஏம்மா, நீங்கதானே இதைக் கட்டினது? பியானோவுக்கு ரெக்கை முளைக்கும்னு நெனச்சீங்களா?" என்றான் கயிறு வைத்திருந்தவன்.

தெருவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய? தூறல் பிடித்ததும் பியானோவைச் சைக்கிள் அறைக்குள் தள்ளினோம்.

அக்டோபர் 4

அச்சகத்தில் மூன்றாம் அத்தியாயத்தைக் கேட்கிறார்கள். அப்படியே அனுப்பிவிடலாமா? படிக்கிறவர்களுக்குப் பியானோ கதை எங்கே தெரியப்போகிறது — எனக்குத் தெரியுமே.

அக்டோபர் 5

அனுப்பவில்லை.

அக்டோபர் 28

கூரையடியில் உத்தரம் நீட்டிக் கொக்கி மாட்டியாயிற்று. பியானோவும் ஏறிவிட்டது! நானும் கயிறு பிடித்தேன், உள்ளங்கை எரிகிறது. ஜன்னலுக்குள் போனதுமே அம்மாள் நின்றபடி வாசித்தார். ஈரத்தில் சுருதி கலைந்திருந்தது. யார் கவனித்தார்கள்? எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டிசம்பர் 5

சிண்டர்கிளாஸ் மாலை, யாரென்று காட்டாமல் பரிசு கொடுக்கும் பண்டிகை. கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஆளில்லை, ஒரு கனத்த பொட்டலம் மட்டும். உள்ளே இரும்புக் கொக்கி. கூடவே, பண்டிகை வழக்கப்படி பெயர் போடாத கேலிப்பாட்டு:

"முகத்தை மழிச்ச மீகெயம்மா,
மூக்கையும் சேர்த்து மழிக்கலாமா?"

யோஸ்ட் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி இருமினான்.

மூன்றாம் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இந்தப் பாட்டை எழுதினேன். நாளை அச்சுக்குப் போகிறது. கீழே 'எழுதியவர் பெயர் தெரியவில்லை' என்று போட்டிருக்கிறேன். பாட்டு எழுதியிருந்ததோ இசைக்குறிப்புத் தாளில்.