இப்போது கோயில் அமைதியாக இருக்கிறது, அக்கா

அன்புள்ள அக்கா,

கிள்ளானில் நம் கோயிலுக்குள் கால் வைத்தாலே இப்போது பினாயில் வாடைதான். தரை பளபளக்கிறது, நேரத்துக்கு மணி அடிக்கிறது. "இப்பதான் கோயில் கோயிலா இருக்கு லா" என்கிறார்கள். பழைய கோயில் தலைவர் திரும்பி வந்துவிட்டார்.

முன்பு இருபது வருஷத்துக்கு மேல் அவர் வைத்ததுதான் சட்டம். மண்டபத்தில் யார் வீட்டுக் கல்யாணம் நடக்கலாம், நடக்கக்கூடாது என்பதுகூட அவர் முகம் பார்த்துத்தான். ஒரு வெள்ளிக்கிழமை, அவர் வருவதற்குள் தீபாராதனை காட்டிவிட்டார் என்று குருக்களை எல்லார் முன்னிலையிலும் அறைந்தார். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமியைப் பார்த்தபடி நின்றோம்.

மறுநாள் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைக்குப் போகும் வேனில் நீங்கள் கேட்டீர்கள்: "ஒரு மனுஷனை அடிக்கிறப்போ நாம எதைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தோம்?"

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் வீடு வீடாக ஏறினீர்கள். ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து நின்றீர்கள். "பொம்பளைக்கு இங்க என்ன வேலை? உக்காரு" என்றார் அவர்.

"சந்தா கட்டின மெம்பர் நான். குருக்கள்கிட்ட மன்னிப்பு கேளுங்க, இல்லன்னா இறங்குங்க."

பிறகு பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். அவரைப் பார்த்துப் பாதி மண்டபம் எழுந்தது. ஓட்டெடுப்பில் தலைவர் தோற்றார். அன்று நாம் அழுதுகொண்டே சிரித்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் அழகுபடுத்தப் போவதில்லை. பதவிக்கு இரண்டு கூட்டம் மோதிக்கொண்டது. நாற்காலிகள் பறந்தன. ஒருவர் மண்டை உடைந்தது. அவருக்கு இன்றும் ஒரு கண் சரியாகத் தெரியாது. ஆடி மாதத்தில் போலீஸ் வந்து கோயிலைப் பூட்டியது. உங்கள் வீட்டு வாசலில் குப்பையைக் கொட்டினார்கள். "உன்னாலதான் சாமி பூட்டிக் கிடக்குது" என்று பக்கத்து வீட்டு ஆன்டி முகத்துக்கு நேரே சொன்னார். எங்கோ ஒரு நாட்டில் சர்வாதிகாரியை விரட்டிய பின் ஊர் எரிவதை டிவியில் காட்டினால் நம் ஆட்களுக்கு ஒரே குஷி. "பாத்தியா? அங்கயும் இதே கதைதான்!"

பூட்டிய கோயிலுக்கு வெளியே ரோட்டோரம் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்த உங்களிடம் நானும் கேட்டேன்: "இதுக்கா அக்கா இவ்வளவு பாடுபட்டோம்?"

அகப்பையை நிறுத்தாமல் சொன்னீர்கள்: "கத்தட்டும்டி. அவரு இருந்த வரைக்கும் இவங்களுக்குக் குரல் இருக்குன்னே எனக்குத் தெரியாது."

நோய் உங்களை விட்டுவைக்கவில்லை. உங்கள் இழவு வீட்டுக்கு மாலையோடு வந்தார் தலைவர். அவரைத் தோற்கடித்தவர்களே எழுந்து, முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். "நல்ல பொம்பளை, வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். உங்கள் உடலுக்கு முன்னால் நின்றுகொண்டு சிரித்தார்கள், அக்கா. எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்பில் உடம்பு கூசியது. கோயில் பூட்டைத் திறந்ததும் நடந்த கூட்டத்திலேயே போட்டியில்லாமல் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

நாடுகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் அறிவு எனக்கில்லை. சுதந்திரத்துக்கு ஒரு மனிதனின் கண்ணை விலையாகக் கொடுக்கலாமா என்று கேட்டால் நான் தலைகுனிவேன். ஆனால் இவர்கள் நிம்மதி என்று சொல்வது வெறும் பயம். அதைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

போன மாதக் கூட்டத்தில் "கேள்வி இருக்கா?" என்றார் தலைவர். எழுந்தேன்.

"நீங்க இல்லாதப்போ வந்த புதுக் குருக்களை ஏன் வேலையை விட்டு நிறுத்தினீங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்தது" என்றார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அதே பக்கத்து வீட்டு ஆன்டி என் கையைப் பிடித்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, காதோடு காதாகச் சொன்னார்: "நீ கேட்டது நியாயம்தாம்மா."

நீங்கள் போன பிறகு என்னிடம் தங்கியது உங்கள் பிடிவாதம் மட்டும்தான். கையை விடவில்லை நான்.

"சத்தமா சொல்லுங்க, ஆன்டி."

"ஐயோ, அவரு அங்க நிக்கிறாரு லா."

"அதனாலதான். சத்தமா சொல்லுங்க."

ஆன்டி முந்தானையை இழுத்துச் செருகினார். பிறகு சொன்னார். தலைவருக்குக் கார்க்கதவைத் திறந்து பிடித்திருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.