அந்தப் புது மேடம்

ஜூலை 7, திங்கள்

காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் கேன்டீனில் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியோடு அம்பத்தூர் பிளான்ட் மூடல். எல்லாம் ஓசூருக்குப் போகிறது. எங்களைப் போன்ற இன்ஜினியர்கள் விரும்பினால் கூடவே போகலாமாம். கான்ட்ராக்ட் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விரும்பினால்! மகள் பவ்யா பத்தாம் வகுப்பு. கணவர் லட்சுமணனுக்கு ஆவடியில் வேலை. பாரிவாக்கத்தில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. நான் மட்டும் ஓசூரில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு வாரம் ஒருமுறை மகளைப் பார்க்க வரவேண்டுமா? முடியாது. இரண்டு மாதத்துக்குள் இந்தப் பக்கமே வேறு வேலை தேடியாக வேண்டும். பதினான்கு வருஷம் ஒரே குவாலிட்டி டிபார்ட்மென்டில் உட்கார்ந்திருந்தவளை யாருக்குத் தெரியும்?

சுவேதாவுக்கு ஃபோன் செய்தேன். என்னிடம் டிரெய்னியாக இருந்த பெண். இப்போது கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். "அக்கா, உங்க லிங்க்ட்இன் பக்கத்தைப் பாத்தேன். முதல்ல அந்த போட்டோவ எடுங்க. பக்கத்துல மாமாவோட தோள் தெரியுது" என்றாள்.

கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது அது.

ஜூலை 10

பால்கனியில் வைத்து லட்சுமணன் பத்தொன்பது படம் எடுத்தார். பின்னால் துவைத்த துணி வராமல் இருக்க என்னை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டே போனார். எல்லாப் படத்திலும் யாரையோ ரிஜெக்ட் செய்யப்போகிறவள் மாதிரியே நிற்கிறேன். "உன் மூஞ்சியே அப்படித்தான்" என்கிறார். சிரிப்பு வரவில்லை எனக்கு.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டு மணி நேரம் சுவேதா ஃபோனிலேயே இருந்தாள். நான் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டு, "இது ஹால் டிக்கெட் மாதிரி இருக்குக்கா. பேரு, படிப்பு, வருஷம். நீங்க என்ன சாதிச்சீங்க? அத சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். போன வருஷம் நாங்கள் அனுப்பிய பம்ப் மூடிகளில் நூற்றுக்கு ஒன்பது கசிகிறது என்று திரும்பி வந்தன. மூன்று வாரம் மெசினைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். கடைசியில் காரணம் மெசினே இல்லை. மூடிகளை அடுக்கப் புதிதாக வாங்கிய நீல ட்ரேயின் உள்ளே, அடித்தட்டில் ஒரு ரிவெட் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. அடி வரிசை மூடிகளில் அது கோடு போட, அந்தக் கோடு வழியாகத்தான் கசிந்தது. ரப்பர் ஷீட் விரித்தோம், கசிவு நின்றது.

"சூப்பர்க்கா! யாரு கண்டுபிடிச்சது?"

"எங்க டீம்தான்" என்றேன்.

"டீம்னு போட்டா ஒருத்தரும் நின்னு படிக்கமாட்டாங்க. நீங்க செஞ்சதாவே எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

எழுதிவிட்டேன். 'மூன்று வாரமாக யாருக்கும் பிடிபடாத குறையை நான் கண்டுபிடித்துத் தீர்த்தேன்.' சுவேதா அதை அழகான இங்கிலீஷில் மாற்றி, ஒரு பதிவாகவும் போடச் சொன்னாள். போட்டேன்.

இங்கேயாவது உள்ளதைச் சொல்லி வைக்கிறேன். கண்டுபிடித்தது பொன்னியம்மாக்கா. கான்ட்ராக்டில் வருகிறவர், குத்தம்பாக்கத்துக்காரர், எட்டு வருஷமாக மூடிகளைச் சோதிக்கிற மேசையில் நிற்கிறார். நான் மெசின் பக்கத்தில் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது வந்து, "அத்த இன்னாத்துக்கு மேடம் நோண்டிகினு கீறீங்க? கோடு வுழறது ட்ரேலதான்" என்று என் விரலைப் பிடித்து அந்த ரிவெட் மேல் வைத்து அழுத்தினார். மற்றதெல்லாம் நான் செய்தேன். அளந்தேன், படம் எடுத்தேன், ரிப்போர்ட் எழுதினேன். அதுவும் வேலைதானே? வேலைதான்.

ஜூலை 15

என் பதிவை நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஜெனரல் மேனேஜர் கீழே கைதட்டல் படம் போட்டிருக்கிறார். அந்த மூன்று வாரமும் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டித் தீர்த்தவர் அவர்தான்.

ஜூலை 18

சாப்பாட்டு நேரத்தில் பொன்னியம்மாக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்குளுக்கு வேற வேல எதுனா ஆச்சா மேடம்?" என்று கேட்டுவிட்டு, மீன் வறுவலில் ஒரு துண்டு எடுத்து என் டப்பா மூடியில் வைத்தார். நானும் கேட்டேன். "கான்ட்ராக்டர் எங்கனா இட்டுகினு போறேன்னு கீறாரு, பாக்கலாம்" என்றார். அவரிடம் இருப்பது பட்டன் ஃபோன். என் பக்கத்தை அவர் பார்க்கப்போவதே இல்லை. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதற்காகவே என்னை நாலு அறை அறையலாம்.

ஜூலை 25, வெள்ளி

திருமழிசையில் ஒரு கம்பெனி. வீட்டிலிருந்து அரை மணி நேரம். என் பதிவைப் பார்த்துத்தான் கூப்பிட்டதாகக் குவாலிட்டி மேனேஜர் முகமது ஆசிக் சொன்னார். நல்ல மனிதர், குறுக்கே பேசாமல் கேட்கிறார்.

"மெசினை விட்டுட்டு ட்ரேயைப் பார்க்கணும்னு எப்படி மேடம் தோணுச்சு?"

எழுதியதைத் தாண்டி ஒன்றும் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் வாய் கேட்கவில்லை. "கையால தடவிப் பாத்தேன் சார். விரல்ல தட்டுப்பட்டுச்சு" என்றேன். சொல்லும்போது விரலால் மேசையை அழுத்திக் காட்டினேன் வேறு.

ஜூலை 31

திருமழிசை வேலை கிடைத்துவிட்டது! செப்டம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும். பவ்யா கட்டிக்கொண்டு விடவே இல்லை. லட்சுமணன் பூந்தமல்லி போய் ஸ்வீட் வாங்கி வந்தார். சுவேதா, "நான் சொன்னேன்ல" என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பொன்னியம்மாக்கா இரண்டு நாள் வரவில்லை. இன்று வந்தவர் என் மேசைக்கே வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது. கான்ட்ராக்டர் அவரையும் இன்னும் நாலு பேரையும் திருமழிசையில் ஒரு கம்பெனிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். நான் சேரப்போகிற அதே கம்பெனி; அதை நான் பிளான்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இதற்கு முன் என்ன செய்தாய் என்று அங்கே சூப்பர்வைசர் கேட்க, இவர் ட்ரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"அத்த கேட்டு சிரிக்கிறான் மேடம். அது எங்களாண்ட வரப்போற புது மேடம் பண்ணது, கம்ப்யூட்டர்லயே போட்டுகீது, நீ எங்கியோ கேட்டுகினு வந்து உன்துன்னு வுடுறியான்றான். பொய் சொல்றவள்லாம் செக்கிங்குக்கு வேணாம்னுட்டு மத்த நாலு பேரயும் எடுத்துகினான். அத்தினி பேரு முன்னாடி மேடம்."

உட்காருங்கக்கா என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"எவளோ ஒரு மேடமாம். அவுங்க கம்பெனிலயும் ட்ரேதான் போல. நீங்கதான் கூடவே இருந்தீங்களே, ஒரு வார்த்த ஃபோன்ல சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா நம்புவாங்க."

சரிக்கா என்றேன். சரிக்கான்னு சொன்னேன்! எந்த வாயால சொன்னேன்?

ஆகஸ்ட் 7

"இப்ப போய் ஒண்ணும் கிளறாதீங்க, ஆஃபரே போயிடும்" — சுவேதா. "நீ போய்ச் சேரு, அப்புறம் அவங்கள உள்ள எடுத்துக்கோ" — லட்சுமணன். அவர் சொல்வது நியாயமாகப்படுகிறது. ஆனால் உள்ளே எடுக்கிறபோது என்ன சொல்லி எடுப்பேன்? பொய் சொன்னவள் என்று ஒதுக்கப்பட்டவரை நான் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டதாகவா?

ஆகஸ்ட் 9

ஃபோனை எடுத்தேன். வைத்துவிட்டேன். காலையிலிருந்து நாலு தடவை.

ஆகஸ்ட் 11, திங்கள்

சொல்லிவிட்டேன்.

ஆசிக் சார் கடைசி வரை கேட்டார். பிறகு, "பதிவுல கொஞ்சம் கூட்டி எழுதறது எல்லாரும் பண்றதுதான் மேடம். ஆனா நான் நேர்ல கேட்டப்ப, விரல்ல தட்டுப்பட்டுச்சுன்னீங்களே" என்றார். குவாலிட்டி வேலைக்கு இப்படி ஒருவரை எடுக்க முடியாது, வருத்தமாக இருக்கிறது என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பொன்னியம்மாக்காவை நாளைக்கே வரச்சொல்வதாகச் சொன்னார். "உங்க பேர நான் அவங்ககிட்ட சொல்லப்போறதில்ல. அது நீங்க சொல்லவேண்டியது."

பவ்யாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13

பதிவைத் திருத்திப் புதிதாகப் போட்டேன். அதில் பெயர் எழுதினால் அந்த ஆளின் பக்கத்தோடு சேர்ந்து நீலமாக மாறும். பொன்னியம்மா என்று எழுதினேன். அவருக்குப் பக்கம் ஏது? கறுப்பாகவே நின்றது. இதுவரை பார்த்தவர்கள் பதினோரு பேர். கைதட்டல் ஒன்றுகூட இல்லை. சுவேதா ஃபோன் எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அம்பத்தூரில் கடைசி நாள். பொன்னியம்மாக்கா போன வாரமே திருமழிசைக்குப் போய்விட்டார். கிளம்பும்போது, "நீங்க சொன்னதாலதான் மேடம்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் வேன் ஹாரன் அடித்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஓசூருக்கு வருவதாகக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எட்டாம் தேதி அங்கே இருக்க வேண்டும்.

செப்டம்பர் 4, வியாழன்

பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது பொன்னியம்மாக்கா கூப்பிட்டார். சாப்பாட்டு நேரம் போல, பின்னால் ஒரே பேச்சுச் சத்தம். ரொம்ப உற்சாகமாக இருந்தார்.

"மேடம், ஓசூருக்கு இன்னாத்துக்குப் போறீங்க? இங்க ஒரு சீட்டு காலியா கீது. யாரோ மேடம் வரேன்னுட்டு வரவே இல்லியாம். இந்த ஆசிக் சார் நல்ல மன்சன், நான் உங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்லட்டா?"

"அக்கா, அந்த மேடம் நான்தான்" என்றேன். ட்ரே விஷயத்தை என் பெயரில் எழுதியது, இன்டர்வியூவில் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும்.

பின்னால் இருந்த சத்தம் குறைந்தது, தள்ளிப் போய் நிற்கிறார் போல.

"உங்களாண்டயேதான் மேடம் வந்து அழுதேன்" என்றார்.

பிறகு அங்கே மணி அடித்தது. மேசைக்குப் போகணும் என்று வைத்துவிட்டார்.