ஒரே தடவை வந்த பெயர்

சின்னக்கானல்
ஞாயிறு மாலை

பாசமுள்ள ஜெகன் அண்ணனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல ஆனந்தி எழுதுவது. போனில் நீயும் அம்மாவும் 'ம்' என்பதற்கு மேல் பேசுவதில்லை, அதனால்தான் கடிதம். அம்மா சொல்வதையும் நான் கண்டதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன். நாங்கள் இருவரும் சுகம், நீ சுகமா என்று அம்மா கேட்கிறார்.

அம்மா கொழுந்தெடுக்கப் போகிறார், வருகிறார், அழுவதில்லை. நம் லயத்து வீட்டின் பின்சுவர் அப்பா மேல் விழுந்த இடத்தில் இன்னும் தார்ப்பாய்தான். போன வாரம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் பழைய நோட்டைப் பார்த்து அப்பா பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள், அம்மா "இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டாராம். நீ அனுப்பிய படத்தை மிக்கேல் மாமா வீட்டு டி.வி.யில் பார்த்தோம். அப்பாவுக்கு இரங்கல் சொல்ல நடந்த அனுசோசன யோகத்தில் யூனியன் தலைவர் பேசியதை நான் டைப் செய்து அனுப்பினேனே, அதை உன் கம்ப்யூட்டர் தேயிலைச் செடியாக வரைகிறது, திரும்பத் திரும்ப வந்த சொல் பெரிய இலை என்று அம்மாவுக்கு விளக்கினேன். 'வீடு' இருபத்தேழு தடவை, 'உடனே' பத்தொன்பது. பதினொரு தடவை வந்த 'யோகம்' மட்டும் பொன்னிறம். இங்கே யோகம் என்றால் கூட்டம் என்று உன் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டு பொன் பூசிவிட்டது. மிக்கேல் மாமா, "ஏ பாப்பா, செத்த வீட்டுல எம்புட்டு யோகம் பாத்தியா" என்றார். அம்மா சிரித்த மாதிரி இருந்தது. பிறகு, "ஒங்கப்பா பேரு எங்க?" என்று கேட்டார். ஒரே தடவை வந்த சொல்லைப் படத்தில் சேர்க்காது என்று நீ சொன்னதைச் சொன்னேன். "வெள்ளிக்கிழம கொச்சி கண்காட்சியில அத்தன பேரு வந்து பாப்பாகல்ல, ஒரு சின்ன எலையாச்சும் வைக்கச் சொல்லி எழுது" என்று உட்கார வைத்தார்.

அண்ணா, உண்மையாக எழுதுவேன் என்று மேலே எழுதிவிட்டேன். அந்த ஒரு தடவையும் தலைவர் 'பெரியசாமி' என்றுதான் சொன்னார். நான்தான் டைப் செய்யும்போது அப்பா பெயரைச் சரியாகப் 'பெரியமுத்து' என்று மாற்றினேன். இப்போது அம்மாவிடமும் சொன்னேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தும் அன்று தன் காதில் ஒன்றுமே விழவில்லை என்றார். திட்டவில்லை. தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை மூடப்போனபோது, "அதையும் எழுது" என்றார். "அவரு சொல்லாதத சொன்னதா நம்ம போட வேணாம். எலை இல்லாம ஒரு காம்பு மட்டும் விடச் சொல்லு. என்னன்னு கேக்குறவுகளுக்கு ஒங்கண்ணன் வாயாலயே பேரச் சொல்லட்டும்."

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே, நல்லா இருப்பாய் என்று அம்மா சொல்கிறார். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
அம்மா வேலுத்தாய்
(கையெழுத்து அம்மாவே போட்டது)

இது நானாக எழுதுவது: மணி எட்டுகூட ஆகவில்லை. அம்மா அதற்குள் உள்ளறை லைட்டை அணைத்துவிட்டார்.