வாசல் கேட்டின் ஒன்பது நிறங்கள்

பானி,
செப்டம்பர் 2

அன்புள்ள ராதமேஸ்,

நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். போன ஆண்டு மூலைக் கடை செஞ்சோ என்னிடம் ஒன்று கேட்டான். "வாத்தியாரே, இந்தத் தடவ கேட்டுக்கு என்ன கலரு? முன்னாடியே சொன்னா மொத்தமா வாங்கி வெச்சிருவேன். உங்க பையன் அணி மாறுறதுலதான் என் கடையே ஓடுது." கடை வாசலில் டோமினோ ஆடும் மேசையே சிரித்தது, நானும் சிரித்தேன். நீ சேரும் பேஸ்பால் அணியின் நிறத்தை வாசல் கேட்டுக்கு அடிப்பது நான் தொடங்கிய வழக்கம்தானே. பதினாறு ஆண்டில் ஒன்பது நிறம். ஒரு தடவை பச்சை காய்வதற்குள் உன்னை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பெயிண்ட் தடித்துத் தாழ்ப்பாள் விழுவதில்லை, அம்மா கயிறு போட்டுக் கட்டுகிறாள்.

அடுத்த ஆண்டு உனக்கு இடமில்லை என்று ஒஹாயோ அணியில் சொல்லிவிட்டதைப் போனில் கேட்டபோது எனக்குக் களைப்பாக இருந்தது, மகனே. போகா சிக்கா பயிற்சிப் பள்ளிக்காரர்கள் பயிற்சியாளர் வேலைக்கு மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள், மெக்சிகோ அணி ஒன்று இரண்டு மாதம் வந்து ஆடு என்கிறது. "பெரிய லீக்ல முப்பத்தோரு நாள் ஆடுனவன் எதச் சொல்லிக் குடுக்கப் போறேன்ப்பா?" என்றாய். இந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்பு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உனக்கு இருபத்தொன்பது ஆனபோதே, "போதும், பிள்ளைய வரச் சொல்லுங்க" என்றாள் அம்மா. இன்னும் ஓர் ஆண்டு என்று தடுத்தவன் நான். உன் ஆசைக்காக என்று அவளிடம் சொன்னேன். உண்மையில் செஞ்சோவின் மேசையில் நான் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காகத்தான். அந்த ஓர் ஆண்டு ஆறு ஆண்டாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கரும்பலகையையே பார்த்துப் பாடம் நடத்துவேன், என் எழுத்து கோணாமல் இருக்கிறதா என்று. மூன்றாம் ஆண்டில் ஒருநாள் கழித்தல் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பினால், பின்வரிசைப் பெண் ஒருத்தியின் பென்சில் பூஜ்யத்துக்கு அடியில் அப்படியே நிற்கிறது. அவள் எங்கே திணறுகிறாள் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அதற்கு முன் நான் சம்பளம் வாங்கினேன், அவ்வளவுதான். பெரிய லீக்கில் நீ ஆடியது முப்பத்தோரு நாள்தான், ஆனால் பதினாறு ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறாய்.

இந்த முறை நான் பெயிண்ட் வாங்கவில்லை. கேட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன், ஐந்து நிறம் போய்விட்டது. "வாத்தியாருக்கு வேற வேலையில்ல" என்கிறான் செஞ்சோ, ஆனால் உப்புத்தாள் அவனே கொண்டுவந்து கொடுத்தான். உன் முழங்காலுக்கு ஐஸ் வைக்கச் சொல்கிறாள் அம்மா.

போனை எடுத்ததும் நீ கேட்கிற ஆசியை இங்கேயே தருகிறேன்: கடவுள் உன்னோடு இருக்கட்டும். இது கைக்குக் கிடைத்த மறுநாள் காலை மைதானத்துக்குச் சீக்கிரம் போ. உன் இடத்துக்கு வரப்போகிறவனை ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிற்க வைத்து, தரையோடு இருபது பந்து அடித்து விடு. உன் கண் பந்தின் மேல் இருந்ததா, அவன் கால்களின் மேல் இருந்ததா என்று பார்த்துவிட்டு, பிறகு அந்தப் பள்ளிக்குப் பதில் சொல்.

உன் அப்பா,
போர்ஃபிரியோ